கருவேலேந்தல் கண்மாயில் ஒரு சத்தம்

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மாடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த சேவுகனுக்கு, மனைவி இறந்து நாற்பது நாள் ஆகியும் அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை. கவலையெல்லாம் ஊருக்குத்தான். கீழ்க்கடை டெய்லர் தினம் ஒருமுறை மாடிப்படியில் பாதி தூரம் ஏறி வந்து, அவர் கண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் இல்லை என்று இறங்கிப் போனார். சாப்பிடும் மெஸ்ஸில் ஒருநாள் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டார்கள். எல்லாரும் கூப்பாடு போட்டபோது, இரண்டாம் தடவை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் சேவுகன். மெஸ்காரர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு அன்றிலிருந்து ஓர் அப்பளம் கூடுதலாக வைத்தார்.

பதினேழாம் நாளே கடையைத் திறந்துவிட்டார். முதலில் வந்தவர் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த மலேயாக்காரர். “கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க” என்று சேவுகன் பழக்கத்தில் சொல்லிவிட்டார். துக்கம் நடந்த கடையில் சிரிக்கலாமா கூடாதா என்று அந்த மனிதர் திண்டாடியதில், முழி பிதுங்கிய ஒரு முகம் படத்தில் விழுந்தது. சேவுகன் அதையும் கழுவி, காயவைத்து, ஓரம் நறுக்கிக் கொடுத்தார். கை தன் வேலையைச் செய்தது. அவரில் மற்றதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் போயிருந்தது.

இறந்துபோன ராமுத்தாய் கருவேலேந்தலில் பிறந்தவள். கல்லலில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பு வழியாக இரண்டு மைல் நடந்தால் வரும் ஊர். ஊருக்குக் கிழக்கே பெரிய கண்மாய். கண்மாய்த் தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில், ஐப்பசி மழையோடு நாரையும் கொக்கும் நீர்க்காகமுமாக ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பங்குனி வெயில் ஏறும்போது கிளம்பிவிடும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டாம். அதனால் பறவைகள் இருக்கும் ஐந்து மாதமும் கருவேலேந்தலில் யாரும் சத்தம் போடக் கூடாது. தீபாவளிக்கு வெடி இல்லை. கல்யாணத்துக்கு மேளம் இல்லை. வண்டிமாட்டுச் சலங்கை பரணுக்குப் போய்விடும். சாவு விழுந்தால் கொட்டு கிடையாது, ஒப்பாரி கிடையாது. பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழ வேண்டும். பறவை போன பிறகு ஒருநாள் குறித்து, கொட்டு வைத்து, வாய்விட்டு அழுதுகொள்ளலாம் என்று வழக்கம். ஆனால் ஐப்பசியில் போனவர்களுக்குப் பங்குனியில் உட்கார்ந்து அழு என்றால் யாருக்கு வரும்? வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். நாய்களுக்கு மட்டும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. அவற்றிடம் எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

மீறினால் அந்தப் போகத்துக்குக் கண்மாய்த் தண்ணீர் நிறுத்தப்படும். மூன்று வருஷத்துக்கு முன் மகள் காதுகுத்தில் ஆசைப்பட்டு ஒரு சரம் கொளுத்திப் போட்டவனுடைய நெல், பால் பிடிக்கிற நேரத்தில் வைக்கோலாய்ப் போனதை ஊரே வரப்பில் நின்று பார்த்தது. அந்தத் தீர்ப்பைச் சொன்னவர் ஊர்த்தலைவர் உடையப்பன். அந்தப் பக்கத்தில் ஊர்த்தலைவரை அம்பலம் என்பார்கள். உடையப்பன் அம்பலம்தான் ராமுத்தாயின் ஒரே அண்ணன்.

ராமுத்தாய் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவனிடம் ஒன்றே ஒன்றைத்தான் விடாமல் கேட்டாள். நகை கேட்கவில்லை, கேட்டிருந்தால் இல்லை என்ற ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். சிறுமியாய் இருந்தபோது ஒரு மார்கழி விடியலில் படித்துறையில் அவள் கையிலிருந்து பித்தளைக் குடம் நழுவிக் கல்லில் விழுந்ததாம். பனிக்குள்ளிருந்து மொத்தப் பறவையும் ஒரே நேரத்தில் எழுந்ததாம். கண்மாயே எந்திரிச்சுப் போகிற மாதிரி இருந்ததாம். வீட்டில் விழுந்த அடி மறந்துவிட்டது, அது மறக்கவில்லை. அதை ஒரு படம் எடுத்துத் தாங்க என்று ஒவ்வொரு மார்கழிக்கும் கேட்டாள். பதினாறு மார்கழி. சேவுகனும் பதினாறு விதமாகக் கிண்டல் செய்தார். நாரைக்குப் பாஸ்போர்ட் வேணுமாக்கும் என்றது முதல் வருஷம். கொக்கு வந்து காசு கொடுத்துப் படம் வாங்கிக்கொண்டு போகுமா என்றது எட்டாவதோ ஒன்பதாவதோ. அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, அடுத்த வருஷம் மறுபடி கேட்பாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ராமுத்தாய்க்கு மஞ்சள் காமாலை கண்டது. அம்மா வீட்டில் பத்தியம் இருந்து, கீழாநெல்லி குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். கல்லல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, இந்த வருசமாச்சும் பெட்டியத் தூக்கிட்டு வந்து சேருங்க என்றாள். பெட்டி என்றால் காமிரா. கார்த்திகை ஐந்தாம் தேதி ஆள் வந்து சொல்லிச் சேவுகன் போய்ச் சேர்ந்தபோது அவர் கையில் பெட்டி இல்லை. அவளும் இல்லை.

சத்தமில்லாத சாவு. அம்பலம் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து, விம்முகிற பெண்களைப் பார்த்துக் கையை அமர்த்திக்கொண்டே இருந்தார். மாமியார் காளியம்மாள் துணியைக் கடித்துக்கொண்டு மகளின் காலடியில் குலுங்கிக்கொண்டிருந்தார். தூக்கினார்கள், நடந்தார்கள், முடித்தார்கள். ஊமைப்படம் பார்த்துவிட்டு வந்ததுபோல் சேவுகன் காரைக்குடிக்குத் திரும்பினார். அந்தக் காலை வெளிச்சம் நன்றாக இருந்தது, மேகம் போட்ட மெல்லிய வெளிச்சம், முகத்தில் நிழல் விழாது என்பதுதான் அவர் மனதில் தங்கியிருந்தது. இப்படியும் ஒரு பிறவியா என்று அவரே தன்னைப் பற்றி ஒருமுறை நினைத்தார். அந்த நினைப்பும் உப்பில்லாத ரசம்போல் உள்ளே இறங்கிப் போய்விட்டது.

மார்கழி பாதியில், ஏன் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல், காமிராவையும் அதை நிறுத்துகிற முக்காலியையும் ஒரு ரோல் பிலிமையும் எடுத்துக்கொண்டு கல்லலுக்கு பஸ் ஏறினார். படம் எடுத்தால் ஏதாவது ஆகும் என்று நம்பினாரா என்றால், அதுவும் இல்லை. பதினாறு தடவை கேட்டாள். ஒன்றையாவது செய்துவிட வேண்டும். அவ்வளவுதான் தெரிந்தது. அதைப் போய் மைத்துனரிடம் சொல்ல வாய் வரவில்லை. சிவகாசியில் காலண்டர் போடுகிற கம்பெனி ஒன்று பனியும் பறவையுமாகப் படம் கேட்டிருப்பதாக ஒரு பொய்யைச் சொன்னார்.

அம்பலம் அதை முழுசாக நம்பினார். கண்மாய்க்கரையில் வெளியாள் பெட்டியோடு நிற்பதை ஊர் ஒப்புக்கொள்ளாது. அதனால் ஊரைக் கூட்டி, தான் பொறுப்பு என்றார். தங்கச்சி மாப்பிள்ளையால் ஒரு சத்தம் வந்தாலும் என் வயல் மடையை அடைத்துவிடலாம் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். கண்மாய்க் காவல்காரர் வீரணன் அதை இரண்டுமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அம்பலத்துக்கு அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் ஆறு ஏக்கர். நெல் அப்போதுதான் கதிர் தள்ளியிருந்தது.

ஆகவே தினமும் விடியுமுன் இரண்டு பேரும் போனார்கள். மாப்பிள்ளை காமிராவைத் தூக்கிக்கொண்டு முன்னால், அம்பலம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னால். கரையில் மடைக்குப் பக்கத்தில் முக்காலியை ஊன்றிவிட்டு இருவரும் ஈர மண்ணில் குந்தியிருப்பார்கள். முதல்நாள் பனி கண்மாயை முழுங்கிவிட்டிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே இல்லை. வெள்ளை அடித்த சுவருக்கு முன்னால் காமிராவை வைத்ததுபோல் இருந்தது. உள்ளேயிருந்து மட்டும் இறக்கை உதறுகிற சத்தம், குஞ்சுகளின் கரகரப்பு, நாரைகள் அலகை அலகில் தட்டுகிற சத்தம். யாரோ பெரிய குடும்பம் திரைக்குப் பின்னால் காலைவேலை பார்க்கிற மாதிரி. சேவுகன் ஒரு படம் எடுத்தார். வெள்ளையைத்தான் எடுத்தார்.

இரண்டாம் நாள் மரங்களின் உச்சி மட்டும் பனிக்கு மேலே மிதந்தது. மூன்றாம் நாள் ஒரு முக்குளிப்பான் பனியிலிருந்து வெளியே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போனது. நான்காம் நாள் வெயில் சாய்வாக விழுந்து பனி பால்போலக் கலங்கியது. மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள், பறிக்க ஆளில்லாத பருத்திக்காடு மாதிரி. நல்ல படங்கள்தான். தொழில் தெரிந்தவன் பார்த்தால் பொறாமைப்படுவான். ஆனால் அவள் கேட்டது இது இல்லை. அவள் கேட்டது எல்லாம் ஒரே நேரத்தில் எழுகிற படம். அது சத்தம் இல்லாமல் நடக்காது. இரண்டும் மூன்றுமாகப் பறவைகள் இரை தேடப் போய்வந்தனவே தவிர, மொத்தமாக எழ அவற்றுக்கு ஒரு காரணமும் இல்லை. சேவுகன் குந்தியிருந்த இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் ஒரு தகரக் குவளை கிடந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும். பக்கத்தில் அம்பலம், ஆறு ஏக்கர் நெல்லோடு உட்கார்ந்திருந்தார்.

அம்பலத்துக்குக் காலண்டர் மேல்தான் அக்கறை. எந்த மாதத்துக்கு வரும் என்று கிசுகிசுத்தார். தை மாதம் என்றார் சேவுகன். தை நல்ல மாதம் என்று அம்பலம் அரைமணி நேரம் திருப்தியாக இருந்தார். பிறகு அடுத்த சந்தேகம் வந்தது. படத்தில் சாமி இல்லையே என்றார். பின்னால் முருகனை ஒட்டிக்கொள்வார்கள் என்று சேவுகன் சொன்னார். மயில் எங்கே நிற்கும் என்று கேட்டார் அம்பலம். சேவுகன் ஒரு கருவேல மரத்தைக் காட்டினார். அம்பலம் அந்த மரத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கிளை தாங்குமா என்று யோசித்தார். நாற்பத்தெட்டு வயது மனிதர், ஊருக்கே நியாயம் சொல்கிறவர். அவரிடம் பொய் சொல்வது, தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து பண்டத்தை எடுப்பதுபோல் சுலபமாகவும் கேவலமாகவும் இருந்தது.

ஆறாம் நாள் ரோலில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். பன்னிரண்டாவது. அன்று பனி இறங்கியிருந்த விதம் வேறு. தண்ணீருக்கு மேல் இடுப்பளவுக்கு மட்டும் கெட்டியாகப் படிந்து, அதற்கு மேலே காற்று கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. கிழக்கே வெளுப்பு. மரங்கள் பனியில் நட்டுவைத்த மாதிரி நின்றன. சேவுகன் காமிராவின் மேல்மூடியைத் திறந்து, குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். அந்த வகைக் காமிராவில் மேலே இருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். தூரம் சரிசெய்தார். பிலிமைக் கடைசிப் படத்துக்குச் சுற்றினார். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதற்காக என்றுதான் தெரியவில்லை.

அம்பலம் மறுபடியும் காலண்டரைத் தொடங்கினார். அதில் கருவேலேந்தல் என்று ஊர்ப்பெயரைச் சின்னதாகப் போடச் சொல்ல முடியுமா என்றார். சேவுகனுக்குத் திடீரென்று அலுத்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை, அலுப்புதான்.

“காலண்டரெல்லாம் இல்ல மச்சான்” என்றார் கண்ணாடியிலிருந்து தலையை எடுக்காமல். “சிவகாசியில எனக்கு யாரையும் தெரியாது. உங்க தங்கச்சி கேட்டுக்கிட்டே இருந்தா. எல்லாம் ஒண்ணா எந்திரிக்கிறத எடுத்துத் தாங்கன்னு. அதுக்குத்தான் வந்தேன்.”

அம்பலம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்று சேவுகன் நினைத்தார். பிறகு, எதிரே இருந்த பனியிடம் சொல்வதுபோல் அம்பலம் மெதுவாகச் சொன்னார்:

“கடைசி அன்னைக்கு ராத்திரி பூரா வலியில கத்தினா மாப்ளே. உங்ககிட்டச் சொல்லல. ஊருக்குள்ள ஒரு சத்தம், அது அம்பலம் வீட்டுல. நான்தான் போயி, மெதுவா, ஆத்தா, பறவை இருக்குல்லன்னேன். சரிண்ணேன்னு சொன்னா. வாய மூடிக்கிட்டா. அதுக்கப்புறம் வாயே தொறக்கல.”

சேவுகன் இதைக் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. விழுந்து எங்கே போனது என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. எப்போதும் தயாராக இருக்கும் கிண்டல் ஒன்று நாக்கு நுனிவரை வந்து, ஆளைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. சேற்றில் இறங்கிவிட்ட மாடு கடைசியாக ஒருமுறை காலை இழுத்துப் பார்க்கும்போது அடிவயிற்றிலிருந்து போடுமே, அந்தச் சத்தம். அம்பலம் துண்டை வாயில் அடைக்கப் பார்த்தார். துண்டு போய்ச் சேருமுன் இன்னொன்று வந்துவிட்டது, முன்னதைவிடப் பெரிதாக. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு கரையில் குப்புறச் சாய்ந்தார்.

கண்ணாடியில் பனி உடைந்தது. அடியிலிருந்து யாரோ போர்வையை உதறியதுபோல் கண்மாய் முழுக்கக் கிளம்பியது. வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாக, ஒன்றின்மேல் ஒன்று, மரம் மறைந்தது, கிழக்கு மறைந்தது. இறக்கைக் காற்றில் பனி சுழன்று அவற்றோடு மேலே போனது. சேவுகனின் விரல் பொத்தானை அழுத்தியது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். தூரம் சரி, வெளிச்சம் சரி, கை ஆடவில்லை. பக்கத்தில் ஒரு மனிதர் மண்ணில் முகம் கொடுத்துக் கிடக்கும்போது, பன்னிரண்டாவது படம் மிகச் சரியாக எடுக்கப்பட்டுவிட்டது. கையின்மேல் கோபப்படலாமா என்று பார்த்தார். கை காமிராவின்மேல் பேசாமல் இருந்தது, நல்ல வேலைக்காரனைப்போல்.

பறவைகள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஊர் கரைக்கு வந்துவிட்டது. முதலில் வீரணன், கையில் கம்போடு. பின்னால் போர்வையும் தலைப்பாகையுமாகப் இருபது முப்பது பேர். அதற்குள் அம்பலம் எழுந்து உட்கார்ந்துவிட்டிருந்தார். முகமெல்லாம் மண். பனியில் எல்லார் முகமும் ஈரமாகத்தான் இருந்தது. யார் அழுதது என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

வீரணன் யாரையும் பார்த்து உரக்கப் பேசுகிறவர் இல்லை. தொழில் அப்படி. அவர் அம்பலத்தைப் பார்த்து, “கூட இருந்தது நீங்க. சத்தம் யாரு போட்டது?” என்று கேட்டார். நியாயம் கேட்க வேண்டிய ஆளிடமே கேட்க வேண்டியிருந்ததில் அவருக்கும் சங்கடம்தான்.

அம்பலம் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்வார் என்று சேவுகனுக்குத் தெரியும். உண்மையைச் சொல்வார். சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் தன் மடையைத் தானே அடைக்கச் சொல்வார். அப்படிப்பட்ட ஆள். அவரோடு குடும்பம் நடத்துவது கஷ்டம் என்று ராமுத்தாய்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

“நான்தான்” என்றார் சேவுகன். “அழுகை வந்துருச்சு.”

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. நாற்பது நாளாக இந்த மனிதருடைய கண்ணைத்தான் இரண்டு ஊரும் காவல் காத்துக்கொண்டிருந்தன. கல்லு, மரம், பொணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்த ஆள் என்றெல்லாம் பேசியவர்கள் அதில் பாதிப்பேர். அவர்கள் முகத்தில் ஓர் இளக்கம் வந்தது. ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வீரணன் மட்டும் இளகவில்லை. அவர் பார்வை முக்காலியில் இருந்தது. காமிரா மூடி திறந்தபடி கண்மாயை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கம்பால் காட்டி, “பறவை எந்திரிச்சத எடுத்தீகளா?” என்றார்.

அதுதான் கேள்வி. கூட்டத்தில் எல்லாருக்கும் அது புரிந்தது, சேவுகனுக்கும் புரிந்தது. அழுகிறவன் படம் எடுக்க மாட்டான். படம் இருக்கிறதென்றால் அழுகை பொய்; படத்துக்காக வேண்டுமென்றே போட்ட சத்தம். பொறுப்பு ஏற்றவருடைய ஆறு ஏக்கரும் வைக்கோல்.

“இல்லையே” என்றார் சேவுகன். “வேணும்னா பாருங்க.”

காமிராவை முக்காலியிலிருந்து கழற்றி, பின்கதவைத் திறந்து, பிலிமை முழுக்க வெளியே உருவினார். வெளிச்சம் பட்டால் பிலிம் செத்துப்போகும் என்பது வீரணனுக்குத் தெரியாது. அவர் அதை வாங்கி வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை பொறுமையாகப் பார்த்தார். பால் நிறத்தில் நீளமாக ஒன்றுமில்லாமல் இருந்தது. ஒரு கொக்குகூட இல்லை. அவர் திருப்தியாகித் திருப்பிக் கொடுத்தார். ஆறு காலைப் பனியும் பதினாறு மார்கழியும் அதில் இருந்தன. சேவுகன் அதைச் சுருட்டி, கல்யாணப் பத்திரிகையைச் சட்டைப்பையில் போடுகிற மாதிரி போட்டுக்கொண்டார். உள்ளே ஏதாவது அறுகிறதா என்று ஒரு நிமிஷம் கவனித்தார். இல்லை.

அதற்குள் காளியம்மாள் வந்துவிட்டார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அவர் ஒருநாளும் மருமகனிடம் நேராகப் பேசியதில்லை. அன்றும் வீரணனைப் பார்த்துத்தான் கேட்டார்.

“அவுக அழுதுட்டாகளா?”

“ஆமாத்தா. அழுதுட்டாக.”

அவ்வளவுதான் விசாரணை. துக்கம் தாங்காமல் புருஷன் போட்ட சத்தத்துக்குத் தண்ணீரை நிறுத்துவதா என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. காளியம்மாள் பேசாத மரியாதையையெல்லாம் விட்டுவிட்டு வந்து, சேவுகனின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் பின்னால் வந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுற்றி நின்று குலுங்கினார்கள். நாற்பது நாளாக எங்கள் பிள்ளைக்காக ஒரு சொட்டு விடவில்லையே என்று அவர்கள் மனதில் இருந்த கல் அன்று கரையில் இறங்கியது. சேவுகன் குனிந்தபடி நின்றார். மாமியார் தோளில் விபூதி வாசமும் அடுப்புப்புகை வாசமும் அடித்தது. இப்போதாவது வரும் என்று நினைத்தார். இவ்வளவு பேர் இவ்வளவு அன்போடு காத்துக்கொண்டிருக்கும்போது வராமல் இருப்பது மரியாதை இல்லை. கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தார். கழுத்துதான் வலித்தது. கடைசியில், பார்க்கிறவர்களுக்காக, துண்டால் கண்ணை இரண்டு முறை ஒற்றினார். பெண்களில் ஒருத்தி அதைப் பார்த்து இன்னும் பலமாகக் குலுங்கினாள்.

அம்பலம் மடைக்கல்லில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் தேற்றவில்லை.

அன்று மத்தியானமே சேவுகன் கிளம்பினார். இனி எதற்கு இருப்பது? காளியம்மாள் கேட்டுக் கேட்டுச் சோறு போட்டார். குழம்பில் உப்பு இருந்ததா என்று சேவுகனுக்குச் சொல்லத் தெரியாது. அம்பலம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கல்லல் வரைக்கும் கூடவே நடந்தார். பனி விலகி வரப்பெல்லாம் காய்ந்திருந்தது. வழியில் அவருடைய வயல் வந்தது. கதிர் தலைசாய்க்கத் தொடங்கியிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்பலம் அதைப் பார்க்காமல் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. கிளாஸை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

“ஏன் அப்படிச் சொன்னீக?” என்றார் அம்பலம்.

“நான் சொல்லாட்டி நீங்க சொல்லியிருப்பீக.”

“அது என் அழுகை மாப்ளே.”

“தெரியும் மச்சான். நல்ல அழுகை. எனக்குத்தான் பேரு வந்துருச்சு. ஊரு முழுக்க என்னைய நல்லவன்னு சொல்லுது. பங்குனியில கொட்டு வைக்கிற வரைக்கும் தாங்கும்.”

அம்பலம் சிரிக்க முயன்றார். முடியவில்லை. டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அது ஆறி வெகுநேரமாகியிருந்தது. படம் உண்மையில் விழுந்திருந்ததா என்று கேட்டார். விழுந்திருந்தது என்றார் சேவுகன். அவரிடம் இன்னொரு பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. அம்பலம் கிளாஸை மரப்பெஞ்சில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது. அம்பலம் முக்காலியைத் தோளுக்கு மாற்றினார்.

“நான் மூஞ்சிய மூடிக்கிட்டுக் கெடந்தேன்” என்றார். “ஒண்ணையும் பாக்கல. எப்படி இருந்துச்சு?”

சேவுகன் யோசித்தார். அவரும் நேராகப் பார்க்கவில்லை. உள்ளங்கை அகலக் கண்ணாடியில், இடம் வலம் மாறி, இரண்டு மூச்சு நேரம் பார்த்ததுதான். அதைப் பார்த்த ஆள் இந்த உலகத்தில் இனி அவர் ஒருத்தர்தான். நன்றாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால்கூடப் போதும். சொற்களைத் தேடினார். இருந்த சொற்கள் மூன்றோ நாலோதான்.

“வெள்ளையா இருந்துச்சு மச்சான்” என்றார். “மேல போச்சு. அப்புறம் இல்ல.”

அம்பலம் தலையை ஆட்டினார், நன்றாக விளங்கிவிட்டதுபோல். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் முக்காலியைப் பார்த்து அது என்ன சாமான் என்று கேட்டார். சேவுகன் ஏறி உட்கார்ந்துகொண்டார். அம்பலம் ஜன்னல் வழியாக முக்காலியை உள்ளே நீட்டினார். அதை மடியில் குறுக்காக வைத்துப் பிடித்துக்கொண்டு, காரைக்குடிக்கு ஒன்று என்றார் சேவுகன்.